வாசலுக்குச் சொந்தக்காரர்

"கோட்டைகள் சரியலாம், கொடிகள் மாறலாம், ஆனால் வாசலைக் காத்தவனின் வம்சத்துக்கு அழிவென்பதே கிடையாது."

இந்த வாக்கியத்தைச் செந்தமிழ்செல்வன் சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து, கரண்டு வரக் காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் எழுதினார். வம்சத்தையும் அதே பெஞ்சில்தான் கண்டுபிடித்தார். கிள்ளைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில் உப்பங்கொல்லை என்றொரு ஊர். அங்கே ஒரு பழைய கோட்டை வாசல். அதைப் பரம்பரையாகக் காத்துவந்த குடும்பம் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரே ராத்திரியில் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விட்டது. போன இடம் யாருக்கும் தெரியாது. யாரோ டீ குடித்துக்கொண்டே சொன்ன இந்தச் செய்தியில் அவருக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. ஆளில்லாத வம்சம். காலி மனை மாதிரி. வேலி போட்டுக்கொண்டால் ஏனென்று கேட்க ஆள் கிடையாது.

வம்சம் அவசரமாகத் தேவைப்பட்டது. அவருடைய மூத்த மகள் இளவரசிக்கு சித்தார்த் என்ற பையன்மேல் விருப்பம். பையனும் தங்கமான பையன். பையனின் அப்பா சுப்பராயலுதான் சிக்கல். கடலூர் முதுநகரில் மரவாடி வைத்திருந்த அவர், தன் கொள்ளுத்தாத்தாவுக்கு யானை இருந்தது என்று பேச்சை ஆரம்பிக்கிற ரகம். பெண் பார்க்க வந்த அன்று கேசரியை ஒதுக்கி வைத்துவிட்டு, "எல்லாம் சரிங்க, பூர்வீகம் என்னான்னு சொல்லலையே?" என்று கேட்டார். ஒரு பாலிடெக்னிக்கில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்த செந்தமிழ்செல்வனுக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. இரண்டு மாதத்தில் அறுபத்து நாலு பக்கத்துக்கு வந்தது. 'வாசல் காத்த வம்சம்' என்று பெயர். பின் அட்டையில் மோவாயில் கைவைத்து அவர் யோசிக்கும் போட்டோ. உள்ளே, 'என் தலைமகள் இளவரசிக்கு' என்று சமர்ப்பணம்.

ஒரு பிரதியை உப்பங்கொல்லைக்கும் அனுப்பி, மாசி மாத வாசல் பூஜையில் முதல் மரியாதை தன் குடும்பத்துக்கு உரியது என்று கடிதமும் வைத்தார். ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆதாரம் கேட்பார்கள் என்று பதினோரு பதில்கள் தயார் செய்து வைத்திருந்தார். நாலாம் நாளே ஒரு போஸ்ட் கார்டு வந்தது. 'வாங்க. ரொம்ப நாளாக் காத்திருக்கோம். பொண்ணை அவசியம் அழைச்சிட்டு வாங்க.'

யாரும் ஒன்றுமே கேட்கவில்லை. எந்த ஆபீசிலும் எதையும் ஒரே மனுவில் வாங்கியறியாத செந்தமிழ்செல்வனுக்கு அது உறுத்தியது.

பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் அவரும் இளவரசியும் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். மனைவி ஞானாம்பாள் மறுநாள் சாயங்காலம் சம்பந்தி வீட்டாரோடு வேனில் வருவதாக ஏற்பாடு. ஊரே திரண்டு நின்றது. பழனிவேல் என்ற வார்டு மெம்பர் கும்பிட்டபடி முன்னால் வந்தார். செந்தமிழ்செல்வன் கழுத்தை மாலைக்கு வாகாக நீட்டினார். மாலை அவரைத் தாண்டிப் போய் இளவரசி கழுத்தில் விழுந்தது.

"பொண்ணுக்குத்தாங்க மொத மால. அது இந்த ஊரு வழக்கம்," என்றார் பழனிவேல். "உங்களுக்குத் தெரியாததா? புஸ்தகமே போட்டிருக்கீங்க!"

"தெரியும், தெரியும்," என்றார் செந்தமிழ்செல்வன்.

தங்குவதற்கு வாசலை ஒட்டினாற்போல் ஓர் ஓட்டு வீடு. புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாடைக்கு அடியில் வேறொரு வாடை, பல காலம் பூட்டியிருந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அது சன்னமாக இருந்தது. இருசம்மாள் என்ற நடுவயசுப் பெண் சமைத்துப் போட்டாள். முதல் இலை இளவரசிக்கு. அப்பளமும் அவளுக்குத்தான் முழுசு. சாப்பிட்டு முடித்ததும் வளையல்காரர் வந்து அவள் கைக்கு அளவு பார்த்து, கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல் அடுக்கினார். நாலைந்து பெண்கள் வந்து நட்சத்திரம் கேட்டார்கள். கூடப்பிறந்தவர்களில் இவள்தான் மூத்தவளா என்று இரண்டு முறை கேட்டார்கள். ஆமாம் என்றதும் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

செந்தமிழ்செல்வன் இதையெல்லாம் சுவரில் சாய்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். எங்கேயோ ஏதோ நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன நடக்கிறது என்பதுகூடப் பிடிபட்டுவிட்டது. புவனகிரியில் ராமாமிர்தம் என்றொரு தமிழாசிரியர் இருந்தார். அவரும் ஊர் வரலாறு எழுதுகிறவர். செந்தமிழ்செல்வனின் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரு கூட்டத்தில் எழுந்து, "ஜெராக்ஸ் நல்லா விழுந்திருக்கு" என்று மட்டும் விமர்சனம் சொன்னவர். மரியாதையைத் தனக்குக் கிடைக்காமல் பெண்பக்கம் திருப்பிவிடும் வேலை அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அறைக்கதவைச் சாத்தப் போனபோது தாழ்ப்பாளைத் தேடினார். உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. வெளிப்பக்கம் இரண்டு இருந்தன.

"அப்பா, யோசனை ஓவரா போவுது," என்றாள் இளவரசி, மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி. "பேசாம உண்மைய ஒத்துக்கோ. நம்ம தாத்தா பண்ருட்டிலேருந்து பலாப்பழ லாரில வந்து எறங்குனவருதானே? அம்மா சொல்லியிருக்கு."

"மெதுவா பேசுடி. அது அம்மா வழித் தாத்தா."

"அப்பா வழித் தாத்தா?"

"அவரு லாரிக்குச் சீட்டு எழுதுனவரு."

அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். கதவுக்கு வெளியே நின்றிருந்த யாரோ சிரிப்பு முடியும்வரை இருந்துவிட்டு மெல்ல நகர்ந்து போகும் காலடி கேட்டது.

வெயில் தாழ்ந்ததும் இருவரும் வாசலைப் பார்க்கப் போனார்கள். கோட்டை என்று ஒன்றும் மிச்சமில்லை. மதில் கல்லையெல்லாம் மூன்று தலைமுறை ஊர்க்காரர்கள் கிணறு கட்டவும் மாட்டுத் தொழுவம் கட்டவும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். வெட்டவெளியில் வாசல் மட்டும் தன்னந்தனியாக, எதற்கு வழிவிடுகிறோம் என்று தெரியாமல் நின்றது. கதவு கிடையாது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்துச் சவுக்குத் தோப்பு முழுசாகத் தெரிந்தது. உள்ளே நடந்தால் நாலே எட்டு. நடக்கப் பிடிக்கவில்லையென்றால் சுற்றிக்கொண்டும் போகலாம்.

ஊர்க்காரர்கள் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். ஆடுகள்கூட. ஓர் ஆட்டுமந்தை வந்தது. வாசலுக்கு நேரே வந்ததும் தண்ணீர் இரண்டாகப் பிரிவதுபோல் பிரிந்து, அந்தப் பக்கம் போய் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. நாள் முழுக்க வெயிலில் காய்ந்த கல்லில் செந்தமிழ்செல்வன் கைவைத்தார். தண்ணீர்ப் பானையின் அடிவயிறு மாதிரி ஜில்லென்று இருந்தது. எங்கும் ஒரு விளக்கும் இல்லை. திரி கருகிய நல்லெண்ணெய் வாசனை மட்டும், இப்போதுதான் யாரோ ஊதி அணைத்தாற்போல, கல்லின் இடுக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

உள்சுவரில் விளக்கேந்திய ஏழு பெண்களின் சிற்பம் இருந்தது. ஏழு பேரும் முதுகைக் காட்டி, கல்லுக்குள் நடந்து போகிறமாதிரி. 'பகைவரைப் பார்க்கவும் விரும்பாது புறங்காட்டி நிற்கும் வீரமங்கையர்' என்று, யாரோ காட்டிய போட்டோவை வைத்து, புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் இவர் எழுதியிருந்தார். நேரில் பார்த்தபோது வீரம் ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது பெண்ணின் ஒரு கை பின்னால் நீண்டிருந்தது. எதையோ பிடித்துக்கொள்ளப் பார்த்த கை.

இளவரசி சுவரில் காதை வைத்தாள்.

"அப்பா, உள்ள யாரோ மூச்சு வாங்குறாங்க."

"காத்துடி. கடக்காத்து."

"காத்து இழுக்கும், விடும். இது இழுத்துட்டே இருக்கு."

அவர் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஸ்பீக்கர் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. சவுக்குத் தோப்பு இரைந்தது. ஓட்டின்மேல் எதுவோ ஓடியது. விடிகாலையில் கதவைத் தள்ளியபோது அது திறக்கவில்லை. வெளியே பூட்டியிருந்தது. அவர் இரண்டு முறை தட்டியதும், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததுபோல் பழனிவேல் உடனே திறந்தார். "நாயி தொல்ல ஜாஸ்திங்க. அதான்," என்றார். ஒரு நாயும் அந்த ஊரில் குரைத்து அவர் கேட்கவில்லை.

காப்பி கொண்டுவந்த இருசம்மாள் டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். இளவரசி கொல்லைப்பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருசம்மாள் அங்கே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நெசமாவே நீங்க அந்தக் குடும்பமா?"

"என்னம்மா கேள்வி இது? புத்தகத்துல இருக்கே!"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எங்க மாமியா சொன்னது தெரியும். அந்த வீட்டு மூத்த பொண்ணு வெளக்க எடுத்துக்கிட்டு இந்தாண்ட பக்கமா நொழையணும். அதான் பூச. தலமொறைக்கு ஒருத்தியா ஏழு பொண்ணுங்க நொழஞ்சாங்க. ஒருத்தரும் அந்தாண்ட வரல."

செந்தமிழ்செல்வன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எட்டாவதா ஒரு பொண்ணு பொறந்திச்சு. அன்னிக்கு ராவே குடும்பத்தோட ஓடிட்டாங்க. அதுலேருந்து ஊருல தண்ணி உப்பு, வெள்ளாம இல்ல, நண்டு மீனு ஒண்ணும் இல்ல. உங்க கடிதாசி வந்தன்னிக்கு இவங்க ஊரு பூரா சக்கரப் பொங்க வச்சாங்க."

"நாங்க... ஒரு பேச்சுக்குச் சொல்றேன்... வேற குடும்பமா இருந்தா?"

"அந்த வாசலு ரத்தத்த மோந்து பாக்காதுங்க. என் வாசலுன்னு எவன் வாயால சொல்றானோ, அவன் வீட்டுப் பொண்ண எடுத்துக்கும். சாயங்காலம் வாசல்ல நிக்க வச்சு ஊரு முன்னால கேப்பாங்க, 'இது யாரு வீட்டு வாசலு'ன்னு. எங்களது இல்ல, நான் சொன்னது பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. வுட்டுடும். ஓடிப்போவ மட்டும் நெனைக்காதீங்க. இவங்க வுடமாட்டாங்க." வாசற்படியில் நிழல் விழுந்தது. அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

அவர் பையைக் கையில் எடுத்தார். மகளைக் கூப்பிட்டுக்கொண்டு அப்படியே கிளம்பிவிடலாமா என்று எழுந்தார். தெருவில் நாலு பேர் நின்றிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் கும்பிட்டார்கள். வழியைவிட்டு நகரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்து யோசிக்க யோசிக்க வேறொரு கணக்கு தெளிந்து வந்தது. ஊர் முன்னால், சம்பந்தி முன்னால், சம்பந்தி எடுக்கப்போகிற வீடியோவுக்கு முன்னால், 'நான் சொன்னது பொய்' என்று என் வாயாலேயே சொல்ல வேண்டுமா? யாருக்கு இது வேண்டும்? இந்தக் கதையால் யாருக்கு லாபம்? படிக்கத் தெரியாத பொம்பளை இவ்வளவு கோர்வையாகப் பேசுவாளா?

ராமாமிர்தம். சந்தேகமே இல்லை.

கல்லுக்குள் மூச்சு, வெளியே தாழ்ப்பாள், ஏழு பெண், எட்டாவது பெண். மனுஷன் கட்டுரைதான் சுமாராக எழுதுவார். கதை நன்றாகவே கட்டியிருக்கிறார். செந்தமிழ்செல்வன் தலை வாரிக்கொண்டார். இளவரசியிடம் எதையும் சொல்லவில்லை. அவள் தெரியாமல் சிரித்துவிடுவாள் என்று பயந்தார்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். மாசி நிலா தோப்புக்குப் பின்னால் மஞ்சளாக ஏறிக்கொண்டிருந்தது. கரண்டு போயிருந்தது, சீரியல் பல்புகள் வாசலைச் சுற்றிச் செத்த பூச்சிகள் மாதிரி தொங்கின. சம்பந்தி வீட்டாரை அந்தப் பக்கம், தோப்போரம், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். வாசல் வழியாக எல்லோரும் தெரிந்தார்கள். ஞானாம்பாள் முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். சித்தார்த் நின்றுகொண்டே இருந்தான். சுப்பராயலு ஹேண்டிகேமை இந்தப் பக்கமாகப் பிடித்திருந்தார். அதன் சிவப்புப் புள்ளி அசையாமல் எரிந்தது.

இளவரசி பச்சைப் பட்டில் வந்தாள். கையில் விளக்கு. காதோரம் குனிந்து, "அப்பா, இதோட முடிஞ்சிடும்ல? அவுங்கப்பா ஒத்துக்குவாருல்ல?" என்று கேட்டாள். வளையல்கள் லேசாகக் கிணுகிணுத்தன.

பழனிவேல் ஜரிகைப் பரிவட்டத்தை எடுத்து அவர் தலையில் கட்டினார். செந்தமிழ்செல்வனுக்கு ஐம்பத்திரண்டு வயசு. அவர் தலையில் யாரும் எதையும் கட்டியதில்லை.

"இது யாரு வீட்டு வாசலு?" பழனிவேல் உரக்கக் கேட்டார்.

கூட்டம் அடங்கியது. தோப்பின் இரைச்சலும் நின்றது. மரங்கள் அசைந்தன, சத்தம் வரவில்லை. எண்ணெய் வாசனை குப்பென்று ஏறியது. கூட்டத்தின் ஓரத்தில் இருசம்மாள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது.

நடிப்பா?

நடித்து அழுகிறவள் சுற்றிப் பார்ப்பாள். இவள் யாரையும் பார்க்கவில்லை. இளவரசியை மட்டும் பார்த்தாள்.

'எங்களது இல்லை.' நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. இரண்டே வார்த்தை. அவர் வாயைத் திறந்தார். வாசலுக்கு அந்தப் பக்கம் சிவப்புப் புள்ளி எரிந்தது. சுப்பராயலு கேமராவை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாக ஏதோ சொன்னார். சம்பந்தி என்று அவர் கை இவரைச் சுட்டியது.

"எங்க வீட்டு வாசல்," என்றார் செந்தமிழ்செல்வன்.

குரல் நன்றாக, கணீரென்று வந்தது.

ஊர் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு வெளியே போகவில்லை. வாசலுக்குள் போனது.

இளவரசி படியில் கால் வைத்தாள்.

ஓர் எட்டு. சுவரில் வெளிச்சம் தடவிக்கொண்டு போனது.

இரண்டு. அவள் திரும்பிப் பார்த்தாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்கிற பார்வை.

மூன்று.

நாலு.

அந்தப் பக்கம் வெளிச்சம் வரவில்லை.

வாசல் காலியாக இருந்தது. அதன் வழியே தோப்பு தெரிந்தது. நிலா தெரிந்தது. ஞானாம்பாள் தெரிந்தாள். சித்தார்த் குனிந்து உள்ளே பார்த்தான். நேராக இவரைப் பார்த்தான். நடுவில் ஒருத்தரும் இல்லை.

"என்னா சம்பந்தி," சுப்பராயலு சிரித்தபடி கேமராவை இறக்காமலே கத்தினார், "பொண்ண அனுப்புங்க, லைட்டு போவுதுல்ல!"

ஊர்க்காரர்கள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். யாரோ குலவை போட்டார்கள். ஒருத்தி சந்தோஷத்தில் விம்மினாள்.

அப்போது குரல் கேட்டது. கல்லுக்குள்ளிருந்து. அவர் முழங்கால் உயரத்திலிருந்து.

"அப்பா. இங்க படி இருக்குப்பா. கீழ போவுது."

கொஞ்ச நேரம் கழித்து, பாதத்துக்கு அடியிலிருந்து.

"அப்பா, முன்னால யாரோ போறாங்கப்பா. கையப் புடிக்கிறாங்க. கூப்புடுப்பா."

செந்தமிழ்செல்வன் கூப்பிடவில்லை, ஓடிப்போய்ப் பிடிக்கவும் இல்லை. பழனிவேல் முடிச்சைச் சரியாகப் போடாததால் பரிவட்டம் தளர்ந்திருந்தது. கேமராவில் நழுவி விழுந்துவிடக் கூடாதென்று அவர் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.